செயின் வண்டியின் பெல்ட்டும் டிராக்கும்: இறுக்கம் பார்த்தலும் சரிசெய்தலும்

நெல் அறுவடை இயந்திரத்தில் இறுக்கம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று பெல்ட்டுகள். என்ஜினின் சுழற்சியை வெட்டும் பகுதிக்கும், கதிரடிக்கும் டிரம்முக்கும், சல்லடைக்கும், வண்டியின் ஓட்டத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இவையே. மற்றொன்று ரப்பர் டிராக். வண்டியின் முழு எடையையும் தாங்கிக்கொண்டு சேற்றில் நகர்த்துவது இது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: தளர்ந்தால் நழுவும், அளவுக்கு மீறி இறுகினால் தேயும். நடுவிலுள்ள சரியான அளவைக் கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்க முடியாது. அளந்தே வைக்க வேண்டும்.

செஞ்சி வட்டாரத்தில் இந்த அளவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே பெரிய நெற்களஞ்சியம் கட்டும் அளவுக்கு நெல் விளைந்த பகுதி இது. இன்றும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நெல் மூட்டைகள் வந்து குவிகின்றன. சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று பட்டங்களிலும் அறுவடை இருப்பதால், ஒரே வண்டி ஆண்டில் பலமுறை கழனியில் இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தை மாதத்தில் வரும் சம்பா அறுவடையின்போது, ஏரிக்குக் கீழே உள்ள கழனிகளில் ஈரம் முழுவதும் வற்றியிருக்காது. டயர் வண்டி அங்கே புதைந்துவிடும். செயின் வண்டி என்று வழக்கில் அழைக்கப்படும் டிராக் வகை இயந்திரத்தையே அங்கே இறக்க வேண்டியிருக்கிறது. முற்றிய கதிர் நிற்கும்போது வண்டி நின்றுபோனால் நெல் கொட்டும், பயிர் சாயும், மழை வந்தால் முளைக்கும். பெல்ட்டுக்கும் டிராக்குக்கும் செலவிடும் அரை மணி நேரம் உழவரின் நெல்லைக் காக்கும் நேரம்.

சேற்றில் டிராக் செய்யும் வேலை

டிராக்கின் பயன் எடையைப் பரப்புவதில் இருக்கிறது. மூன்று டன் எடையுள்ள வண்டிக்கு 45 செ.மீ. அகலமுள்ள இரண்டு டிராக்குகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 160 செ.மீ. நீளத்துக்குத் தரையில் படிவதாகவும் கொண்டால், தரையைத் தொடும் பரப்பு 14,400 சதுர செ.மீ. ஆகும். ஒரு சதுர செ.மீ. மீது விழும் எடை சுமார் 200 கிராம். ஓர் ஆள் வெறுங்காலுடன் நிற்கும்போது அவர் பாதத்தின் கீழ் உண்டாகும் அழுத்தமும் ஏறத்தாழ இவ்வளவே. ஆள் நிற்கக்கூடிய சேற்றில் வண்டியும் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த உத்தி இளகிய விளைநிலத்தில் முன்பே கையாளப்பட்டதுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சக்கரம் புதையும் வயல்களுக்காக பெஞ்சமின் ஹோல்ட் 1904இல் டிராக் பூட்டிய டிராக்டரை ஓட்டிப் பார்த்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே பனியின் மேல் ஓடும் வண்டிக்கு இதே வழியைக் கையாண்டு 1937இல் காப்புரிமை பெற்றார். பனிவண்டியானாலும் அறுவடை வண்டியானாலும், என்ஜினிலிருந்து பெல்ட், பல்சக்கரத்திலிருந்து டிராக் என்ற வரிசை ஒன்றுதான். இறுக்கம் பார்க்கும் முறையும் அடிப்படையில் ஒன்றே.

தொடங்குவதற்கு முன்

வேலையை வரப்போரச் சேற்றில் செய்யக் கூடாது. களம், சாலையோரத் திடல் போன்ற சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்த வேண்டும். வெட்டும் பகுதியைத் தரையில் முழுவதும் இறக்க வேண்டும். அதைத் தூக்கிவைத்தே வேலை செய்ய வேண்டியிருந்தால், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல் பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, அடியில் மரக்கட்டையும் முட்டுக் கொடுக்க வேண்டும். நிறுத்து பிரேக்கைப் போட்டு என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றி வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் சேர்ந்து வேலை செய்யும்போது, ஒருவர் கை புல்லியில் இருக்க மற்றவர் சாவியைத் திருப்பினால் விரல்கள் துண்டாகும்.

தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, தளர்ந்த சட்டைக்கை, அரைஞாணில் தொங்கும் சாவிக்கொத்து எதுவும் ஓடும் பெல்ட் அருகே வரக் கூடாது. ஓடி முடித்த வண்டியின் புல்லியும் சைலன்சரும் சூடாக இருக்கும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டில் பெல்ட்டின் இறுக்கம் மாறும் என்பதால், ஆறிய பின் எடுக்கும் அளவுதான் ஒவ்வொரு முறையும் ஒப்பிடத் தகுந்தது.

தேவையான கருவிகள் குறைவு: ஸ்பேனர் செட், அடி ஸ்கேல், நீளமான கெட்டி நூல், கொக்கியுள்ள ஸ்பிரிங் தராசு, வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக்கி, தடித்த பலகைகள், மரக்கட்டைகள், சுண்ணக்கட்டி. வண்டியோடு வந்த கையேடும் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த அதிகாரத்தில் தரப்படுபவை பொது அளவுகள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

பெல்ட்டைக் கண்ணால் பார்த்தல்

அளப்பதற்கு முன்பு பெல்ட் அளக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடிகளைக் கழற்றி, புல்லியின் பள்ளங்களில் அடைந்த வைக்கோலையும் தூசியையும் துடைத்து எடுக்க வேண்டும். பெல்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே வந்து அதன் முழு நீளத்தையும் பார்க்க வேண்டும். உள்பக்கம் குறுக்கே வெடிப்புகள், ஓரத்தில் பிரிந்த நூல், ஒரு பக்கம் மட்டும் தேய்வு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை இருந்தால் இறுக்கிப் பயனில்லை. பெல்ட்டை மாற்றிவிட்டு, அந்த நிலைக்குக் காரணமானதையும் தேட வேண்டும். பக்கவாட்டு கண்ணாடிபோல் பளபளத்தால் பெல்ட் நழுவி ஓடியிருக்கிறது என்று பொருள்.

வி-பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் இரு சாய்ந்த சுவர்களில்தான். அடியில் அது தொடவே கூடாது. பெல்ட்டின் மேற்பரப்பு புல்லியின் விளிம்புக்கு ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். ஆழமாக இறங்கியிருந்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது. பள்ளத்தின் அடிப்பகுதி மினுமினுத்தால் பெல்ட் அங்கே உரசியிருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு வராது.

அடுத்து நேர்கோடு. ஒரு புல்லியின் முகத்திலிருந்து மற்றொரு புல்லியின் முகத்துக்கு நூலை இழுத்துப் பிடித்தால், முகங்களின் தடிமன் சமமாக உள்ள புல்லிகளில் நூல் நான்கு இடங்களில் தொட வேண்டும். ஓரிடத்தில் விலகி நின்றாலும் புல்லி சாய்ந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. கோணலான புல்லியில் புதுப் பெல்ட்டும் சில நாளில் ஓரம் தேய்ந்து போகும். பெல்ட்டை அழுத்தி இறுக்கும் டென்ஷன் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்துப் பேரிங்கில் சத்தமோ ஆட்டமோ இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

பெல்ட்டின் இறுக்கத்தை அளத்தல்

பெல்ட் இறுக்கத்துக்குப் பொதுவிதி ஒன்று உண்டு. இரு புல்லிகளுக்கு இடையே நேராக ஓடும் பகுதியின் நடுவில் குறித்த விசையோடு அழுத்தினால், ஒவ்வொரு 100 மி.மீ. நீளத்துக்கும் 1.6 மி.மீ. வீதம் பெல்ட் இறங்க வேண்டும். நேரான பகுதி 400 மி.மீ. என்றால் இறக்கம் 6 மி.மீ.யைச் சற்று தாண்டும். 600 மி.மீ. என்றால் ஏறத்தாழ 10 மி.மீ. ஆகும். புல்லிகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை எடுக்கக் கூடாது. பெல்ட் ஒரு புல்லியை விட்டு விலகும் இடத்திலிருந்து அடுத்த புல்லியைத் தொடும் இடம்வரைதான் நீளம்.

அழுத்தும் விசை பெல்ட்டின் வகையைப் பொறுத்தது. பெல்ட்டின் முதுகில் உள்ள எழுத்து அதன் வகையைச் சொல்லும். ஏ வகை 13 மி.மீ., பி வகை 17 மி.மீ., சி வகை 22 மி.மீ. மேல்அகலம் கொண்டவை. பின்னால் வரும் எண் நீளம். பி 68 என்றால் உள்சுற்றளவு 68 அங்குலம். பி வகைப் பெல்ட் ஒன்றுக்குச் சுமார் 2 முதல் 4 கிலோ விசையில் மேற்சொன்ன இறக்கம் வருவது பொது அளவு. ஏ வகைக்கு இதைவிடக் குறையும், சி வகைக்குக் கூடும்.

அளக்கும் முறை: நேரான பகுதியின் மேல் இரு புல்லிகளையும் தொடும்படி நூலை இழுத்துக் கட்ட வேண்டும். ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் பெல்ட்டின் நடுவில் மாட்டி நூலுக்கு எதிர்ப்பக்கம் நேர்க்குத்தாக இழுக்க வேண்டும். பெல்ட் நூலை விட்டு எத்தனை மி.மீ. விலகுகிறது என்பதை ஸ்கேலால் பார்க்க வேண்டும். தேவையான இறக்கம் குறைந்த விசையிலேயே வந்துவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கூடுதல் விசை கேட்டால் இறுகியிருக்கிறது.

அறுவடை இயந்திரத்தில் அடிக்கடி நேரும் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். டிரம்மும் வெட்டும் பகுதியும் பல வண்டிகளில் லீவரைப் போட்டதும் டென்ஷன் புல்லி பெல்ட்டை அழுத்துவதால் ஓடத் தொடங்குகின்றன. லீவர் விலகிய நிலையில் பெல்ட் தொளதொளவென்று தொங்குவது இயல்பு. அதைக் கண்டு இறுக்கிவிட்டால், லீவரை எடுத்த பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடைப்பை எடுக்கக் கை விடுபவருக்கு அது பேராபத்து. இத்தகைய பெல்ட்டுகளை, என்ஜின் நின்ற நிலையில், லீவரைப் போட்டு வைத்தே அளக்க வேண்டும். ஸ்பிரிங் கொண்டு இழுக்கப்படும் டென்ஷன் புல்லிகளில் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பதைவிட, ஸ்பிரிங்கின் நீளத்தைக் கையேட்டில் தந்த நீளத்தோடு ஒப்பிடுவதே சரியான முறை.

பெல்ட்டைச் சரிசெய்தலும் மாற்றுதலும்

டென்ஷன் புல்லியின் தாங்கியையோ ஸ்பிரிங் போல்ட்டையோ பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டை அரைச் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டே வர வேண்டும். அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்கி, மறுபடியும் ஒருமுறை அளக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது போல்ட் நகர்ந்து அளவு மாறிவிடுவதுண்டு.

புதுப் பெல்ட்டை மாட்டும்போது டென்ஷன் புல்லியை முழுவதும் தளர்த்திவிட்டுக் கையால் மாட்ட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே உள்ள நூல்கள் அறுந்துவிடும். அது வெளியே தெரியாது. இரண்டு மூன்று பெல்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் புல்லியில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது நீண்டிருப்பதால் சுமை முழுவதும் புதியதன் மேலேயே விழும். புதுப் பெல்ட் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் பள்ளத்தில் படிந்து தளரும். ஆகவே அரை மணி நேரம் ஓட்டிய பின்பும், முதல் நாள் முடிவிலும், மறுநாளும் அளக்க வேண்டும்.

நழுவும் பெல்ட்டில் கிரீஸ், பிசின், டீசல் எதையும் தடவக் கூடாது. சிறிது நேரம் பிடிப்பு வந்ததுபோல் இருந்தாலும் ரப்பர் இளகிக் கெட்டுவிடும். பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் மாட்ட வேண்டும்.

டிராக்கின் தளர்வை அளத்தல்

டிராக்கை அளப்பதற்கு முன் கழுவ வேண்டும். பல்சக்கரத்துக்கும் ரோலர்களுக்கும் இடையே சேறும் வைக்கோலும் திணிந்திருந்தால் டிராக் உண்மையில் தளர்ந்திருந்தாலும் இறுகியதுபோலக் காட்டும். செஞ்சிப் பகுதியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாறைக் குன்றுகள் சூழ்ந்த நிலம் இது. வரப்பிலும் வண்டிப்பாதையிலும் கருங்கல் சில்லுகள் கிடக்கும். பல்சக்கரத்தின் பல்லுக்கும் டிராக்குக்கும் நடுவே ஒரு கல் சிக்கினால், டிராக் ஒரு நொடியில் அளவுக்கு மீறி இழுபட்டு, உள்ளே உள்ள எஃகுக் கம்பிகள் அறுபடலாம். ஒவ்வொரு பல்லையும் ஒவ்வொரு ரோலரையும் பார்த்துக் கல்லை எடுத்த பின்பே அடுத்த வேலை.

பிறகு சட்டத்தில் கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்து, டிராக் தரையை விட்டு முழுவதும் எழும்பும்படி தூக்க வேண்டும். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடாவிட்டால் மண்ணில் அது அமிழும். தூக்கியவுடன் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியை அவற்றின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

தூக்கிய நிலையில் டிராக்கின் கீழ்ப்பகுதி தன் எடையால் தொங்கும். நடுவிலுள்ள ரோலரின் அடிக்கும் டிராக்கின் உள்பரப்புக்கும் இடையே உள்ள இடைவெளியே அளவு. ரப்பர் டிராக் கொண்ட சிறு இயந்திரங்களில் இது பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ.க்குள் வைக்கப்படுகிறது. எந்த ரோலரில் அளப்பது, எத்தனை மி.மீ. வைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஓரிடத்தில் அளந்ததோடு நிறுத்தாமல், டிராக்கில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று நகர்த்தி அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளவு வேறுபட்டால் அங்கே கம்பி அறுந்திருக்கலாம். அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

டிராக்கை இறுக்குதலும் தளர்த்துதலும்

பல அறுவடை இயந்திரங்களில் ஓட்டும் பல்சக்கரம் முன்னாலும் இறுக்கும் சக்கரம் பின்னாலும் இருக்கும். பின்சக்கரத்தின் தாங்கியில் நீண்ட போல்ட்டும் லாக் நட்டும் உண்டு. லாக் நட்டைத் தளர்த்திப் போல்ட்டைத் திருப்பினால் பின்சக்கரம் பின்னோக்கி நகர்ந்து டிராக் இறுகும். எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும். மரையில் சேறு காய்ந்திருந்தால் கம்பித் தூரிகையால் துடைத்து எண்ணெய் விட்ட பின்பே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மரை அழியும்.

ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருப்பி, டிராக்கை ஓரிரு சுற்று நகர்த்திப் பார்த்து, மறுபடியும் அளக்க வேண்டும். என்ஜினை இயக்கி நகர்த்துவதானால் ஒருவர் இருக்கையில் இருக்க, மற்றவர் வண்டியை விட்டு விலகி அவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். நகர்த்தாமல் அளந்தால், தளர்வு மேல்பகுதியில் தங்கிவிட்டுக் கீழே சரியான அளவு இருப்பதுபோலத் தோன்றும். இடது, வலது இரண்டு டிராக்குகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுநர் ஓயாமல் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போக நேரும்.

மண் தோண்டும் சிறு இயந்திரங்களில் போல்ட்டுக்குப் பதிலாகக் கிரீஸ் அடித்து டிராக்கை இறுக்கும் அமைப்பு உண்டு. அங்கே தளர்த்தும்போது வால்வை முழுவதும் கழற்றவோ, அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்கவோ கூடாது. உள்ளே உள்ள கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சி அடித்துத் தோலைத் துளைக்கும்.

போல்ட்டின் மரை முழுவதும் தீர்ந்தும் டிராக் தளர்வாகவே இருந்தால், டிராக்கோ பல்சக்கரமோ தன் ஆயுளை முடித்துவிட்டது. புது டிராக் வாங்கும்போது உள்பக்கம் பொறித்த எண்களைப் பார்த்து வாங்க வேண்டும். 450×90×51 என்றிருந்தால் அகலம் 450 மி.மீ., ஓர் இரும்புக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே 90 மி.மீ., கண்ணிகள் 51. அதாவது சுற்றளவு 4,590 மி.மீ. தேய்ந்த பல்சக்கரத்தில் புது டிராக்கை மாட்டினால் அது விரைவில் தேயும். பல்லின் முனை கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

அறிகுறியும் காரணமும்

கழனியில் ஓடும்போதே வண்டி தன் நிலையைச் சொல்லும்.

வைக்கோலோடு அடிபடாத கதிர் வெளியே போனால், டிரம் பெல்ட் நழுவிச் சுற்று குறைந்திருக்கலாம். என்ஜின் சத்தம் குறையாமல் டிரம் மட்டும் அடைத்து நிற்பதும் இதே காரணத்தால் நேரும்.

சல்லடையையும் காற்றாடியையும் ஓட்டும் பெல்ட் தளர்ந்தால் பதர் நெல்லோடு தொட்டியில் சேரும்.

என்ஜின் முழு வேகத்தில் ஓடியும் சேற்றில் வண்டி நகரத் தயங்கினால், ஓட்டத்துக்கான ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும் பெல்ட்டை முதலில் பார்க்க வேண்டும்.

சுமை ஏறும்போது கிறீச்சென்ற சத்தமும் ரப்பர் கருகும் வாடையும் வந்தால் பெல்ட் நழுவுகிறது. சுமை இல்லாமலே பேரிங் பக்கத்தில் முனகலும் சூடும் இருந்தால் பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.

திரும்பும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் டிராக் தளர்ந்து பல்லின் மேல் ஏறி விழுகிறது. அதே நிலையில் சேற்றில் கூர்மையாகத் திருப்பினால் டிராக் கழன்றுவிடும். கழனி நடுவில் கழன்ற டிராக்கை மாட்ட அரை நாள் போகும்.

கெட்டித் தரையிலும் வண்டி பாரமாக நகர்ந்து, பின்சக்கரத்தின் ஆயில் சீல் ஓரம் எண்ணெய் கசிந்தால் டிராக் இறுகியிருக்கிறது.

பார்க்க வேண்டிய நேரங்கள்

நாள்தோறும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து எல்லாப் பெல்ட்டுகளையும் டிராக்கின் தொங்கலையும் கண்ணால் பார்க்க வேண்டும். கையேடு வேறு சொல்லாவிட்டால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. புதிதாக மாட்டியவற்றை முதல் நாட்களில் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். மீட்டர் காட்டும் மணி, எடுத்த அளவு, திருப்பிய பக்கம் ஆகியவற்றைச் சிறு நோட்டில் குறித்துவைத்தால், எந்தப் பெல்ட் விரைவாகத் தளர்கிறது என்பது தெரியவரும்.

மாலையில் வேலை முடிந்ததும் டிராக்கைக் கழுவும் பழக்கம் மிக முக்கியமானது. இரவில் காயும் சேறு விடிவதற்குள் கல்லாகிவிடும். காலையில் அப்படியே எடுத்தால் அது பல்லுக்கும் டிராக்குக்கும் நடுவே அகப்பட்டு டிராக்கை இழுக்கும். அதுபோல, ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போகும்போது தார்ச்சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டும். சூடான சாலையில் ஓடினால், சேற்றில் ஓடுவதைவிட டிராக் விரைவாகத் தேயும்.

பட்டம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது, பெல்ட்டுகளின் டென்ஷன் புல்லிகளைத் தளர்த்தி லீவர்களை விலக்கி வைக்க வேண்டும். நெடுநாள் இறுகிய நிலையில் நிற்கும் பெல்ட், புல்லியின் வளைவிலேயே உருவம் படிந்துவிடும். தங்கிய நெல்லும் வைக்கோலும் எலியை அழைக்கும், எலி பெல்ட்டைக் கடிக்கும் என்பதால் உள்ளே முழுவதும் துடைத்து எடுக்க வேண்டும். டிராக்குக்கு அடியில் பலகை போட்டு, வெயில் படாத கொட்டகையில் நிறுத்த வேண்டும். அடுத்த அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பாகவே பெல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, டிராக்கைத் தூக்கி அளந்து, மாற்ற வேண்டியதை வாங்கி மாட்டி, மூடிகளை எல்லாம் பழையபடி பூட்டி, கால் மணி நேரம் வெறுமனே ஓட்டிப் பார்த்து, என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு மறுபடியும் ஒருமுறை அளக்க வேண்டும்.